பக்கத்துச் சொல்

1

எனக்கு வேலை வாங்கிக்கொடுத்த பரீட்சையின் முதற்கட்டத்தில் 100 கேள்விகள், ஒரு மணி நேரம். அதில் ஆங்கிலத்துக்கு 30. தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் கழித்துவிடுவார்கள். ஒரு கேள்விக்கு 36 விநாடி கிடைக்கிறது. இந்த 36 விநாடியில் யோசிக்கிறவன் பின்தங்கிவிடுவான் என்று பயிற்சி வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அடிக்கோடிட்ட சொல்லுக்கு மிக நெருங்கிய பொருளுடைய சொல்லைத் தேர்ந்தெடு என்று கேட்டால், பார்த்தவுடன் கை போய்விட வேண்டும். நான் மனப்பாடம் செய்த புத்தகத்தில் ‘டவுட்ஃபுல்’ என்ற சொல்லுக்கு நேரே ‘ட்யூபியஸ்’ இருந்தது.

ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்துவிட்டு வந்தவன் நான். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். இரண்டும் லத்தீனில் ஒரே வேரிலிருந்து வந்தவை. ‘இரண்டு’ என்ற எண்ணுப்பெயரோடு உறவுள்ள வேர் அது. மனம் இரண்டாகப் பிளந்து நிற்கும் நிலை. ஆனால் வழக்கில் இவை பிரிந்துபோய்விட்டன. மழை வருமா என்பது டவுட்ஃபுல். மழை வரவழைத்துத் தருகிறேன் என்று பணம் வாங்குகிறவன் ட்யூபியஸ். முதலாவதில் நடக்குமா என்ற கேள்வி மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் யோக்கியதை பற்றிய கேள்வி நுழைந்துவிடுகிறது. இதற்கு இரும்பு வேலி ஏதும் கிடையாது. நல்ல எழுத்தாளர்களே மாற்றிப் பிரயோகித்திருக்கிறார்கள். ஆயினும் பொதுவாக ஒரு மனிதனுக்கு முன்னால் வந்து நிற்கும்போது ட்யூபியஸ் என்ற சொல் அவன் முகத்தைக் கறுப்பாக்கிவிடும்.

தெரிந்தும் பரீட்சையில் இப்படிப்பட்ட ஜோடிகளை ஒன்றென்றே குறித்துத் தேறினேன். அதில் எனக்குக் குற்ற உணர்வு எதுவும் இல்லை. கேள்வியே ‘மிக நெருங்கிய’ என்றுதானே கேட்கிறது. நெருங்கியது என்பதற்கும் ஒன்றே என்பதற்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நான் பின்னால் விழுந்தேன்.

2

வங்கியில் பெயரடைகள் அலங்காரத்துக்கு வருவதில்லை. அவற்றுக்கு நாள் கணக்கு உண்டு. 1985இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த முறையில் கடன்களை எட்டு வகையாகப் பிரித்தார்கள். அதற்குப் பெயரே ‘ஹெல்த் கோட்’. திருப்தியானவை, ஒழுங்கு தவறியவை, நோயுற்றவை என்று ஆஸ்பத்திரி வார்டுபோல அது தொடங்கும். பிறகு 1991இல் நரசிம்மம் கமிட்டி சொன்னதன் பேரில் 1992-93 கணக்காண்டிலிருந்து நான்கு பிரிவு ஆயிற்று: ஸ்டாண்டர்ட், ஸப்ஸ்டாண்டர்ட், டவுட்ஃபுல், லாஸ். சாதாரணக் கடன் 90 நாளுக்கு மேல் தவறினால் வாராக்கடன். குறுகிய காலப் பயிர்க்கடனென்றால் இரண்டு பருவம் பார்ப்பார்கள். வாராக்கடனாகிப் பன்னிரண்டு மாதம் வரை ஸப்ஸ்டாண்டர்ட். அதைத் தாண்டினால் டவுட்ஃபுல்.

இங்கே டவுட்ஃபுல் என்பது கடன் என்ற சொத்துக்கு அடை. வங்கியின் கணக்கில் கடன் ஒரு சொத்து. அந்தச் சொத்து திரும்பி வருமா என்பது சந்தேகம். வாங்கியவரைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை. அவர் உத்தமராக இருக்கலாம், மழை பொய்த்திருக்கலாம், அவர் இறந்தே போயிருக்கலாம். சொத்து டவுட்ஃபுல்தான்.

ஆனால் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு நாங்கள் பேசும்போது ‘டவுட்ஃபுல் அஸெட்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘அவர் டவுட்ஃபுல் பார்ட்டி’ என்போம். கணக்கின் நெற்றியில் ஒட்டிய சீட்டு, யாரும் தொடாமலே, ஆளின் நெற்றிக்கு இடம் மாறிவிடுகிறது. தமிழில் இது இன்னும் சுலபமாக நடக்கிறது. டவுட்ஃபுல் என்றாலும் ட்யூபியஸ் என்றாலும் நமக்குச் ‘சந்தேகத்துக்குரிய’ தான். போலீஸ் ஸ்டேஷனில் ‘சந்தேகக் கேஸ்’ என்று சொல்லிப் பழகிய ஊரில், சந்தேகத்துக்குரிய கடனை வைத்திருப்பவன் சந்தேகத்துக்குரிய ஆளாக எவ்வளவு நேரம் ஆகும்?

3

ஆறு வருஷத்துக்கு முன் நடந்தது. தண்டராம்பட்டுப் பக்கத்தில் ஒரு கிராமம். மானாவாரி நிலம் ஒன்றே முக்கால் ஏக்கர் வைத்திருந்த ஒருவர் மல்லாட்டைப் பயிருக்குக் கடன் வாங்கியிருந்தார். இரண்டு பருவம் மழை ஏமாற்றிவிட்டது. தவணையை மாற்றித் தரச்சொல்லி மனு கொடுத்திருந்தார். மேலிடத்துக்குக் குறிப்பு அனுப்ப வேண்டும். அப்போதிருந்த மேலாளர், “நீங்கதான் இங்கிலீஷ் படிச்சவராச்சே தம்பி, நாலு வரி நல்லா எழுதிடுங்க” என்றார். அவர் சொன்ன ‘நல்லா’ என்ற சொல்லை நான் என் கல்லூரியில் கேட்ட ‘நல்லா’ என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் பத்தியில், மழை இல்லாததால் இந்த வருஷத் தவணை வருவது டவுட்ஃபுல் என்று எழுதினேன். இரண்டாவதில், நிலத்தின் மதிப்பைக்கொண்டு வசூலிப்பதும் டவுட்ஃபுல் என்று எழுதினேன். இரண்டும் சரி. மூன்றாவது பத்தியில் தொகுத்துச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. அதே சொல்லை மூன்றாம் முறை எழுத என் பேனா கூசியது. ஒரே சொல்லை அடுத்தடுத்து எழுதுவது கட்டுரைக்கு அழகில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஃபௌலர் தம் 1926ஆம் வருஷத்து அகராதியில் இந்தப் பழக்கத்தைத்தான் ‘எலிகண்ட் வேரியேஷன்’ என்று பெயரிட்டுக் கேலி செய்தார். அதை நான் படித்தும் இருந்தேன். படித்தது எங்கே போயிற்றோ, மூன்றாம் இடத்தில் ட்யூபியஸ் என்று எழுதினேன். வாக்கியம் வாசிக்க நன்றாகவே இருந்தது. மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

மனு திரும்பி வந்தது. கிளையின் சொந்த அபிப்பிராயத்தையே கருத்தில் கொண்டு நிராகரிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். மேலே வாசித்த அதிகாரி ஆங்கிலம் தெரிந்தவர். சொல்லை அதன் சரியான அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இந்தக் கதையில் ஆங்கிலத்தைச் சரியாகக் கையாண்டவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த பருவத்து விதைக்கு அந்த மனிதர் மண்டிக்காரரிடம் கை நீட்டினார். வட்டி என்ன என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதிப் பிரயோஜனமில்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாகிப் பணத்தோடு கவுண்டருக்கு வந்தார். வீட்டு நகையா, மாடா என்று நான் கேட்கவில்லை. நோட்டுகளை எண்ணி முடித்து ரசீதைக் கொடுத்ததும் நகராமல் நின்றார்.

“சார், என்னமோ எழுதிட்டாங்களாமே. அப்படி என்னா சார் எழுதியிருக்கு?”

“ஒண்ணுமில்லீங்க பெரியவரே. சந்தேகம்னு எழுதியிருக்கு.”

கொஞ்சம் யோசித்தார். “பணத்து மேலயா, என் மேலயா?”

நான் “பணத்து மேலதாங்க” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

4

‘பணத்து மேலயா, என் மேலயா’ என்ற கேள்வியை நான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன். ஆங்கிலம் இரண்டு பெயரடைகளை வைத்துக்கொண்டு செய்கிற காரியத்தை அவர் ஒரே பெயர்ச்சொல்லும் ஒரு ‘மேல’யும் வைத்துக்கொண்டு செய்துவிட்டார். நாம் அடிக்கடி புலம்புவோம்: ஆங்கிலத்தில் இருக்கும் நுணுக்கம் தமிழில் இல்லை, ஒரு சொல்லுக்கு நூறு நிழல் அங்கே உண்டு, இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்று. கிழவர் எனக்குக் காட்டியது வேறு. நுணுக்கம் சொற்களின் எண்ணிக்கையில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறோமா என்பதில் இருக்கிறது.

தொல்காப்பியர் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காக்கினார். ஆங்கில இலக்கணம் சொல்கிற பெயரடை என்ற தனி வீடு அங்கே இல்லை. நாம் இன்று பெயரடை என்று சொல்கிறவற்றில் பெரும்பாலானவை பழைய இலக்கணப்படி பெயரெச்சங்கள். எச்சம் என்றால் முடியாமல் நிற்பது. வினையின் ஒரு துண்டு. ‘நல்ல’ கூடக் குறிப்புப் பெயரெச்சம்தான். வினையென்றால் செய்கிறவன் ஒருவன் வேண்டும். ‘சந்தேகத்துக்குரிய மனிதர்’ என்றால் யாருடைய சந்தேகத்துக்கு உரியவர்? தமிழில் முழு வாக்கியமாக அதைச் சொல்லிப் பாருங்கள்: ‘எனக்கு அவர்மேல் சந்தேகம்.’ ‘எனக்கு’ என்ற சொல் வந்தே தீரும். என் குறிப்பில் இருந்த ட்யூபியஸ் என்ற சொல்லில் இந்த ‘எனக்கு’ இல்லை. அது அந்த மனிதரின் நிறத்தைப்போல, உயரத்தைப்போல, அவரோடு பிறந்த ஒரு குணமாகத் தோற்றம் கொடுத்தது. சந்தேகப்பட்டவன் எவனுமில்லாமல் சந்தேகம் மட்டும் காகிதத்தில் உட்கார்ந்திருந்தது. உண்மை என்னவென்றால் அவர்மேல் யாருக்குமே சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை. என் சந்தேகமெல்லாம் என் வாக்கியத்தின் ஓசை பற்றியது.

ஒரு பெயரடைக்கும் அதன் பக்கத்துப் பெயரடைக்கும் உள்ள வித்தியாசம் வர்ணிக்கப்படும் பொருளில் இருப்பதாகவே எண்ணிவந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. சொல்கிறவன் எங்கே நின்றுகொண்டு, எதன்மேல் கை வைத்துச் சொல்கிறான் என்பதில்தான் அது இருக்கிறது. பக்கத்துச் சொல்லை எடுத்துக்கொள்ளும்போது நாம் அறியாமலே நம் நிற்குமிடத்தை மாற்றிக்கொள்கிறோம். மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒரு சொல்லில் மனிதனைப் பார்த்து நீதி சொல்கிறவனாகிவிடுகிறான்.

நம்முடைய மரபு இதை அறியாததல்ல. ‘மிகுதி’ என்ற ஒரே பொருளைத் தருவதாகத் தொல்காப்பியம் மூன்று உரிச்சொற்களைச் சேர்த்துச் சொல்கிறது: உறு, தவ, நனி. நன்னூல் அந்தக் கூட்டத்தை ஆறாக்கியது. சால, கூர், கழி சேர்ந்துகொண்டன. பிறகு திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகள் வந்தன. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றைத் தலைகீழாக ஒப்பித்தார்கள். இவற்றைப் பார்த்து, ‘ஆறும் ஒன்றுதான் என்று இலக்கணமே சொல்லிவிட்டதே’ என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் உறுதுணை என்கிற இடத்தில் தவத்துணை என்று வைத்தால் துறவியின் துணையாகிவிடும். கழிபேருவகையில் இருக்கும் கரை கடந்துபோன தன்மை நனி என்பதில் இல்லை. கூர் என்ற சொல்லில் மிகுதியோடு ஒரு முனையும் சேர்ந்து வருகிறது. இலக்கண ஆசிரியர்கள் தவறு செய்துவிடவில்லை. பாட்டை வாசிக்கிறவனுக்கு, இங்கே இச்சொல் மிகுதியைக் குறிக்கிறது, தடுமாறாதே என்று அவர்கள் கைகாட்டினார்கள். நிகண்டு கேட்பவனுக்கான உதவி. பேசுகிறவன் அதையே உரிமைச் சீட்டாக எடுத்துக்கொண்டால் அது அவன் பொறுப்பு.

ஆங்கிலத்திலும் இந்த இரண்டு வேலைகளும் இரண்டு புத்தகங்களாகவே கிடைக்கின்றன. 1816இல் ஜார்ஜ் க்ராப் வெளியிட்ட நூல் நெருங்கிய சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வேறுபாடு சொல்கிறது. 1852இல் டாக்டர் ரோஜே வெளியிட்ட நூல் அவற்றை ஒரு கருத்தின் கீழே கூட்டிவைக்கிறது. இன்று ரோஜே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். க்ராப்பைத் தேட வேண்டியிருக்கிறது. காரணம் எளிது. கூட்டத்தில் கை விட்டு ஒன்றை எடுப்பது சுகம். இரண்டுக்கு நடுவில் நிற்பது சிரமம்.

5

இன்னொன்று பாக்கியிருக்கிறது. ‘பணத்து மேலதாங்க’ என்று நான் சொன்ன பதில்.

அது பொய். ஆனால் அதிலும் பக்கத்துச் சொற்களின் தொந்தரவு உண்டு. உண்மை, வாய்மை, மெய்ம்மை என்று மூன்று சொற்களை வைத்துக்கொண்டு, உள்ளத்தில் இருப்பது, வாயில் இருப்பது, மெய்யான உடம்பில் இருப்பது என்று பட்டிமன்றத்தில் பிரித்துக் கைதட்டல் வாங்குவார்கள். உண்மைக்கு வேர் ‘உள்’ என்பது சரி. ஆனால் அந்த உள் உள்ளத்தைக் குறிப்பதைவிட, இருப்பதைக் குறிப்பது என்று கொள்வதே பொருத்தம். உள்ளது எதுவோ அது உண்மை. வள்ளுவர் தம் முப்பதாவது அதிகாரத்துக்கு வாய்மை என்றுதான் பெயர் வைத்தார். அங்கே முதலிலேயே வாய்மைக்கு இலக்கணம் சொல்கிறார். நடந்ததோடு ஒத்துப்போவதை அவர் அளவுகோலாக்கவில்லை. பிறருக்குத் தீங்கு தராத பேச்சு என்கிறார். அடுத்த குறளில் இன்னும் துணிந்து, குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் அந்த இடத்தில் உட்காரலாம் என்கிறார்.

அன்று சாயங்காலம் இந்தக் குறளைத்தான் நான் எனக்கு வக்கீலாக வைத்துக்கொண்டேன். கிழவரின் மனம் புண்படக்கூடாது என்பதற்காகச் சொன்னேன், ஆகவே வாய்மை. ஆனால் வக்கீல் என் பக்கம் நிற்கவில்லை. குற்றமில்லாத நன்மை யாருக்கு விளைந்தது? அவருக்கா? அவர் கேட்டது ஆறுதலை அல்ல, தகவலை. என்மேல்தான் சந்தேகம் என்று தெரிந்திருந்தால் சண்டை போட்டிருப்பார். யார் எழுதியது என்று கேட்டிருப்பார். மேலே எழுதிப் போட்டிருப்பார். அந்தச் சண்டையை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். நன்மை எனக்கு விளைந்தது, அதுவும் குற்றத்தோடு.

ஆங்கிலத்தில் ‘ஹானஸ்ட்’ என்றும் ‘ஸின்ஸியர்’ என்றும் இரண்டு உண்டு. நாம் இரண்டையும் நேர்மையான என்று சொல்லிவிடுவோம். ஹானஸ்ட் என்பவன் உள்ளதைச் சொல்லிவிடுகிறவன். ஸின்ஸியர் என்பவன் தன் உணர்ச்சிக்கு உண்மையாக இருக்கிறவன். லயனல் ட்ரில்லிங் 1972இல் வெளிவந்த தம் நூலில் இந்த ஸின்ஸெரிடி என்ற குணத்துக்கு ஒரு சரித்திரம் இருப்பதையும், அது மேற்கில் ஒரு காலகட்டத்தில் பெரிய மதிப்பாக எழுந்ததையும் விஸ்தாரமாகப் பார்த்தார். அந்தக் கவுண்டரில் நான் ஸின்ஸியராகத்தான் இருந்தேன். கிழவர்மேல் எனக்கு ஏற்பட்ட இரக்கம் நிஜம். என் குரல்கூட லேசாகத் தழுதழுத்தது. ஹானஸ்டாக மட்டும் இல்லை. ‘நேர்மையான’ என்ற நம் ஒற்றைச் சொல்லுக்குள் நான் வசதியாக ஒளிந்துகொள்ள முடிந்தது. இரண்டு சொற்களையும் தனித்தனியே வைத்துப் பார்த்த பிறகுதான் ஒளிய இடமில்லாமல் போயிற்று.

6

பிரித்துப் பிரித்துப் பார்ப்பதே தர்மம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் இருப்பது திருவண்ணாமலையில். பிரிக்க முடியாத ஒரு சொல் இந்த ஊரின் மேல் மலையைப்போல உட்கார்ந்திருக்கிறது.

செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் பக்கத்தில் ஆசிரமப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் கண்ணாடித் தம்ளரை உருட்டிக்கொண்டிருந்த தம் பையனைப் பார்த்து, “சும்மா இர்றா” என்று ஒரு அதட்டல் போட்டார். அந்தப் பெண்மணி நிமிர்ந்தார். அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருந்தது. அருணகிரிநாதருக்கு முருகன் உபதேசித்ததாக வழங்குவதும், ரமணர் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னதும் அந்தச் சொல் அல்லவா? என்னிடம் திரும்பி, “சும்மா என்றால் ஸ்டில்லா, ஸைலண்டா, க்வயட்டா?” என்று கேட்டார்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அசைவில்லாமல் இருப்பது ஸ்டில். ஓசையே இல்லாமல் இருப்பது ஸைலண்ட். சந்தடியில்லாமல் இருப்பது க்வயட். இன்னும் ஒன்றை அவர் கேட்கவில்லை: வேலையில்லாமல் இருப்பது ஐடில். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் சுற்றி நடக்கும்போது மலை ஸ்டில். ஊர் க்வயட் அல்ல. 1896 செப்டம்பர் முதல் தேதி இங்கு வந்து சேர்ந்த அந்தப் பையன் பல வருஷம் ஸைலண்டாக இருந்தது உண்டு. பின்னால் ஆசிரமத்துச் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டும் அச்சுப்பிரதி திருத்திக்கொண்டும் இருந்தவர் எந்த நாளிலும் ஐடில் அல்ல. கடைக்காரரின் அதட்டலிலோ நான்கும் இருந்தன. பையனும் அதைச் சரியாகவே புரிந்துகொண்டு தம்ளரை விட்டான்.

1935 முதல் 1939 வரை ரமணரின் உரையாடல்களை முனகால வெங்கட்ராமய்யா ஆங்கிலத்தில் குறித்துவைத்தார். பேச்சு பெரும்பாலும் தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் நடந்தது. கேட்டவர்களில் பலருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அந்த இடத்திலேயே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ரமணரே பைபிளில் சங்கீதம் 46இல் வரும் வாக்கியத்தைக் காட்டுவார். அங்கே ஆங்கிலத்தில் உள்ளது ஸ்டில். அதே இடத்தில் தமிழ் பைபிள் ‘அமர்ந்திருந்து’ என்று சொல்கிறது. காற்று அமர்ந்தது என்கிறோம், விளக்கு அமர்ந்தது என்கிறோம், ஆள் அமர்ந்தார் என்கிறோம். ஸ்டில்லுக்குப் பொருத்தமான சொல்தான். ஆனால் சும்மாவில் இருக்கும் அந்தக் கூலியில்லாத, காரணமில்லாத தன்மை அதில் இல்லை. ‘சும்மா வந்தேன்’, ‘சும்மா கொடுத்தார்’ என்று சொல்கிறோமே, அது.

மொழிபெயர்க்கிறவன் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். எடுத்ததும் மற்ற மூன்றும் விழுந்துவிடும். அதில் பாவமில்லை. நான் எடுத்தேன், இதை எடுத்தேன், இவை விழுந்தன என்று அவன் அறிந்திருந்தால் போதும். அந்தப் பெண்மணியிடம் ஸ்டில் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, மற்றவையும் உண்டு என்று கடைப் பையனை உதாரணம் காட்டிச் சொன்னேன். சிரித்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் குறிப்பில் மூன்றாவது இடத்தில் ஏன் சொல்லை மாற்றினாய் என்று யாராவது அன்று என்னைக் கேட்டிருந்தால், நான் சொல்லியிருக்கக்கூடிய உண்மையான பதில் ஒன்றுதான்: “சும்மாதான்.”

7

இது வங்கி விஷயம், நமக்கென்ன என்று இந்தப் பத்திரிகையை வாசிக்கும் நண்பர்கள் நினைக்கலாம். இந்தப் பழக்கத்தை நான் வங்கியில் கற்கவில்லை. இங்கே, விமர்சனக் கட்டுரை எழுதித்தான் கற்றேன்.

சிறுபத்திரிகை என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் அது ‘லிட்டில்’, ‘ஸ்மால்’ அல்ல. ஸ்மால் அளவைச் சொல்கிறது. லிட்டில் அளவோடு ஒரு வாஞ்சையையும், சமயத்தில் ஒரு செருக்கையும் சொல்கிறது. 1959 ஜனவரியில் செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியபோது அது இரண்டுமாக இருந்தது. நம்மில் பலருடைய பத்திரிகைகள் ஸ்மால் என்பதோடு நின்றுவிட்டன. தமிழில் இரண்டும் ‘சிறு’ என்பதால் நமக்கு அது தெரியாமல் போகிறது.

‘மார்ஜினல்’ என்ற சொல்லுக்கு வங்கியில் ‘குறு’ என்று பெயர். ஒரு ஹெக்டேர் வரை நிலமுள்ளவர் குறு விவசாயி. ஒன்றிலிருந்து இரண்டு வரை சிறு விவசாயி. அதே ஆங்கிலச் சொல் நம் கட்டுரைகளில் ‘விளிம்புநிலை’ ஆகிறது. வங்கிச் சொல்லில் அளவு இருக்கிறது, ஆள் நிற்குமிடம் இல்லை. நம் சொல்லில் நிற்குமிடம் இருக்கிறது, எத்தனை ஏக்கர் என்று கேட்டால் பதில் இல்லை. ஒன்றே முக்கால் ஏக்கர்காரரை இரண்டு சொற்களும் இரண்டு பக்கமாகக் கடந்துபோய்விடுகின்றன. விளிம்புநிலை பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த அதே வருஷத்தில்தான் நான் அந்தக் குறிப்பையும் எழுதினேன்.

இனி நம் மதிப்புரைகளைப் பார்க்கலாம். ஒரு தொகுப்பில் முதல் கதை ‘முக்கியமானது’. இரண்டாவது ‘குறிப்பிடத்தக்கது’. மூன்றாவது ‘கவனத்துக்குரியது’. நான்காவது ‘தவிர்க்க இயலாதது’. நானே இப்படி எழுதியிருக்கிறேன். நான்குக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். நான்கு கதைகளுக்குள் வித்தியாசம் இருந்தது. அதைச் சொல்லும் சிரமத்தை நான்கு பக்கத்துச் சொற்களிடம் ஒப்படைத்துவிட்டேன். இந்தச் சொற்களெல்லாம் எச்சங்கள் என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன். யார் குறிப்பிடத் தக்கது? யாருடைய கவனத்துக்கு உரியது? யாரால் தவிர்க்க இயலாதது? நான் தவிர்த்தே பார்த்ததில்லை.

‘எனக்கு’ என்று போட்டுக்கொண்டால் விமர்சனம் சொந்த ருசியாகச் சுருங்கிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். வங்கியில் வேலை செய்கிறவனுக்கு இதற்குப் பதில் சொல்வது எளிது. பழைய லெட்ஜரில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் எழுதியவர் இனிஷியல் போட வேண்டும். இப்போது கம்ப்யூட்டரில் உள்ளிட்டவர் எண்ணும் சரிபார்த்தவர் எண்ணும் தாமே பதிவாகின்றன. இனிஷியல் போட்டதால் ஒரு தொகை என்னுடைய சொந்தத் தொகையாகிவிடுவதில்லை. தவறு இருந்தால் யாரிடம் வந்து கேட்பது என்று தெரிகிறது, அவ்வளவே. பெயரடை என்பது இனிஷியல் இல்லாத பதிவு. சொல்கிறவன் அதை மனத்துக்குள்ளாவது போட்டுக்கொள்ள வேண்டும். போட்டால், கை பக்கத்துச் சொல்லுக்குப் போகும்போது கொஞ்சம் தயங்கும்.

அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. முடிந்த கணக்கின் கோப்பை மீண்டும் திறந்து, மூன்றாவது பத்தியில் ஒரு சொல் தவறு என்று எழுத எங்கள் படிவங்களில் இடமில்லை. கிழவரைப் பிறகு ஒரு முறை தீபத்தன்று கூட்டத்தில் பார்த்தேன். பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு மலையுச்சியைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அப்போதும் நான் சொல்லவில்லை. கூட்டம், சத்தம், சமயம் சரியில்லை என்று காரணங்கள் இருந்தன. அன்று நான் இருந்த நிலைக்கு ஸைலண்ட் என்ற சொல் பொருந்தும். ஸ்டில் பொருந்தாது.